குழந்தைக்குக் குரோஷா கற்றுத்தர எது நல்ல வழி: வீட்டுப் பெரியவரா, வகுப்பா, காணொளியா, பொம்மைப் பெட்டியா?

கோடை விடுமுறை நெருங்கும்போதும், நவராத்திரிக்கு முந்தைய வாரங்களிலும் கொக்கி வைத்த ஒற்றை ஊசியால் நூலைப் பின்னும் குரோஷாவைப் பற்றிப் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒரே வடிவில்தான் வருகிறது. "மகளுக்கு எட்டு வயது. குரோஷா பின்ன வேண்டுமென்று ஒரு மாதமாகக் கேட்கிறாள். வீட்டில் பாட்டிக்குத் தெரியும், ஆனால் அவர் ஊசியைத் தொட்டு இருபது வருடமாகிறது. அடுத்த தெருவில் ஒரு வகுப்பு நடக்கிறது. யூடியூபில் எல்லாம் இருக்கிறது என்கிறார்கள். பொம்மை செய்யும் பெட்டி ஒன்றும் இணையத்தில் கிடைக்கிறது. எதில் தொடங்குவது?" மகன்களுக்காகக் கேட்பவர்களும் இப்போது வருகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும் செய்தி.

அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை விடுமுறைகளில் என் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்துப் பின்னக் கற்றுத்தந்து வருகிறேன். நான்கு வழிகளிலும் தொடங்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். நான்கிலும் கற்றுக்கொண்டவர்கள் உண்டு, நான்கிலும் ஊசியை அலமாரியில் போட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. ஆகவே எந்த வழி சிறந்தது என்று பொதுவாகச் சொல்வதைவிட, எந்த வீட்டுக்கு, எந்த வயதுக்கு, எந்தக் கைக்கு எது பொருந்தும் என்று பார்ப்பதே பயன் தரும்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

குரோஷாவின் இயல்பை முதலில் புரிந்துகொண்டால் அளவுகோல்கள் தாமாகவே தெரிந்துவிடும். இரண்டு ஊசிகளால் ஸ்வெட்டர் பின்னும்போது ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகளும், அதாவது நூல் வளையங்களும், ஊசியில் திறந்தே நிற்கின்றன. அவற்றில் ஒன்று நழுவினால் அது கீழ் வரிசைகளுக்கும் ஓடிவிடும். குரோஷாவிலோ ஒரு தையலை முடித்த பிறகு ஊசியில் மிஞ்சுவது ஒரே ஒரு கண்ணிதான். ஊசியை எடுத்துவிட்டு நூலை இழுத்தால் பிழை நேர்ந்த இடம்வரை பிரிந்து வரும், அங்கிருந்து மறுபடியும் தொடரலாம். சிறு பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் பின்னலைவிடக் குரோஷாவை நான் முதலில் தருவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஆனால் பிழையைப் பிரிக்க வேண்டுமென்றால் யாராவது அதைப் பார்க்க வேண்டும். பிழையைத் தன் கண்ணால் காணும் பழக்கம் புதிதாகத் தொடங்கும் குழந்தைக்கு இருப்பதில்லை. ஒரு சிறுமி பத்துக் கண்ணிகளில் தொடங்கி ஒவ்வொரு வரிசையிலும் கடைசிக் கண்ணியை விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டே இருந்தாள். எட்டாம் வரிசை முடிந்தபோது இரண்டே கண்ணிகள் மிஞ்சியிருந்தன, சதுரமாக வர வேண்டியது முக்கோணமாக நின்றது. முதல் வரிசையின் முடிவிலேயே யாராவது விரலை வைத்துக் காட்டியிருந்தால் ஒரு கண்ணியோடு போயிருக்கும். எட்டு வரிசைகளைப் பிரிக்கும்போது அவள் அழுததை நான் மறக்கவில்லை. ஆகவே என்னுடைய முதல் அளவுகோல் இதுதான்: குழந்தையின் பிழை எத்தனை வரிசைகளுக்குள் இன்னொருவர் கண்ணில் படும்?

இரண்டாவது, சொல்லித்தரும் கை எந்தத் திசையிலிருந்து தெரிகிறது என்பது. வலக்கைக்காரர் ஒருவர் வலக்கைக் குழந்தைக்குச் சொல்லித்தரும்போது எதிரில் உட்கார்ந்தால் எல்லாம் இடவலமாக மாறித் தெரியும். பக்கத்தில் உட்கார வேண்டும். இடக்கைக் குழந்தைக்கு நேர்மாறாக எதிரில் உட்கார்ந்தால் கண்ணாடி பார்ப்பதுபோலச் சரியாக அமையும்.

மூன்றாவது, முதல் பொருள் கையில் வந்து சேரும் காலம். ஏழு வயதுப் பிள்ளைக்குப் பதினைந்து இருபது நிமிடங்களுக்கு மேல் ஒரே அமர்வில் பொறுமை இருப்பது அரிது. நாலைந்து அமர்வுகளுக்குள் காட்டிக்கொள்ள ஒன்று இல்லையென்றால் ஆர்வம் வடிந்துவிடும். நான்காவது, தையல்களுக்கு வழங்கும் பெயர்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருப்பது. இது அற்பமாகத் தோன்றும், ஆனால் பெரியவர்களையே குழப்பிவிடும் விஷயம் என்பதால் கீழே விரித்துச் சொல்கிறேன். கடைசியாக, விலைச்சீட்டில் எழுதப்படாத செலவுகள்.

வயதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐந்து வயதுக் குழந்தைக்கு ஊசி வேண்டாம். விரலையே ஊசியாக்கிச் சங்கிலி போடச் சொல்லுங்கள், அதாவது ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணியை இழுத்துக் கோத்துக்கொண்டே போகச் சொல்லுங்கள். ஆறு ஏழு வயதில் பெரும்பாலான பிள்ளைகள் ஊசியால் சங்கிலி போட்டுவிடுவார்கள். ஷூ லேஸைத் தானே கட்டத் தெரிந்த பிள்ளைக்குப் பெரும்பாலும் இதுவும் வரும் என்பது என் அனுபவக் கணக்கு.

## வீட்டுப் பெரியவரிடம் கற்பது

முதல் அளவுகோலில் இதற்கு ஈடாக எதுவும் இல்லை. பாட்டியோ அத்தையோ சித்தியோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் தவறான கண்ணியில் ஊசி நுழைவதற்கு முன்பே "அதில்லை கண்ணு, அடுத்தது" என்று சொல்லிவிட முடியும். குழந்தையின் கையின் மீது தன் கையை வைத்து நூலை எவ்வளவு தளர்வாக விட வேண்டுமென்று உணர்த்தவும் முடியும். நூலின் இழுவை சொல்லால் விளங்குவதில்லை, கையிலிருந்து கைக்குத்தான் போய்ச் சேர்கிறது. முதல் வரிசையைச் சங்கிலியின் மீது பின்னுவதுதான் குரோஷாவிலேயே கடினமான வரிசை. சங்கிலி முறுக்கிக்கொள்ளும், எந்தக் கண்ணிக்குள் நுழைவது என்று தெரியாது. அந்த முதல் இரண்டு வரிசைகளையும் பெரியவரே பின்னிக் கொடுத்துவிட்டு, மூன்றாம் வரிசையிலிருந்து குழந்தையைத் தொடங்கச் சொல்லும் வசதி வீட்டில் மட்டுமே இயல்பாகக் கிடைக்கிறது. என்னிடம் வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான் இதைத்தான் செய்கிறேன், முதல் நாளே துணி போன்ற ஒன்று கையில் வளர்வதை அவர்கள் பார்த்துவிடுகிறார்கள்.

இந்த வழியின் மறைந்த செலவு நம் வீட்டுப் பழைய பெட்டிகளில் இருக்கிறது. நம் பாட்டிமார் கற்ற குரோஷா பெரும்பாலும் லேஸ் குரோஷா. மிஷனரிகள் வழியாகவும் கான்வென்ட் பள்ளிகள் வழியாகவும் தென்னிந்தியாவில் பரவியது மெல்லிய பருத்தி நூலில் போடும் அந்த வேலைதான். கோதாவரிப் படுகையில் உள்ள நர்சாபூரில் அது இன்றும் பெண்கள் வீட்டிலிருந்தே செய்யும் தொழிலாக நிற்கிறது. ரேடியோவின் மீதும் டீப்பாயின் மீதும் விரித்திருந்த வெள்ளை விரிப்புகளை நினைவிருக்கிறவர்களுக்கு அந்த நூலின் மென்மையும் நினைவிருக்கும். அதற்கு உரிய ஊசி ஒன்றரை மில்லிமீட்டர் அளவிலான எஃகு ஊசி. பாட்டி அன்போடு தன் ஊசியையும் 20ஆம் எண் நூலையும் எடுத்துக் கொடுப்பார். எட்டு வயதுக் குழந்தைக்குக் கண்ணியே தெரியாது. விரல் நோகும், ஒரு மணி நேரம் பின்னியும் விரலகலம்தான் வளர்ந்திருக்கும். பாட்டி கற்றுத்தரட்டும், ஆனால் ஊசியும் நூலும் புதிதாக வாங்குங்கள்.

இன்னொரு செலவு பெரியவரின் மனத்தில் இருக்கிறது. கைதேர்ந்தவருக்குக் கோணல் பொறுக்காது. குழந்தையின் கையிலிருந்து துண்டை வாங்கி, நாலு வரிசையைத் தானே பின்னிச் சீராக்கித் திருப்பிக் கொடுத்துவிடுவார். குழந்தைக்கு அது உதவியாகப் படுவதில்லை. தான் செய்தது போதவில்லை என்று மட்டும் புரியும். பாட்டி தனக்கென்று ஒரு துண்டும் ஊசியும் தனியாக வைத்துக்கொண்டு அதில் செய்து காட்டினால் இந்தச் சிக்கல் எழாது. தொடக்க வரிசைகளைப் பின்னித் தந்த பிறகு குழந்தையின் துண்டு குழந்தையின் கையைவிட்டுப் போகாமல் இருக்கட்டும். பார்வை மங்கிய பெரியவருக்குப் பருத்த நூலும் வெளிர் நிறமும் குழந்தைக்கு உதவுவதைப் போலவே உதவும். இருபது வருட இடைவெளியைப் பற்றியும் கவலை வேண்டாம், கை மறப்பதில்லை என்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

எப்போது இது சிறந்தது? குழந்தைக்கு ஒன்பது வயதுக்குக் கீழ் என்றால், பெரியவர் தினமும் கால் மணி நேரம் ஒதுக்க முடிந்தால், வேறு எதையும் யோசிக்க வேண்டாம். பெரியவரும் குழந்தையும் இரண்டே நிமிடத்தில் சண்டையிட்டுக்கொள்ளும் வீடாக இருந்தால் மட்டும் வேண்டாம். சில தாய்மார்கள் இதை என்னிடம் தயக்கத்தோடு சொல்வார்கள். பெற்ற தாயிடம் கணக்குக் கற்க முடியாத பிள்ளைகள் இருப்பதுபோல் பின்னல் கற்க முடியாத பிள்ளைகளும் உண்டு. அதில் தவறேதும் இல்லை.

## வகுப்பில் கற்பது

வகுப்பின் பெரிய பலம் மற்ற பிள்ளைகள். பக்கத்தில் இருப்பவள் தன் துண்டைப் பிரித்துவிட்டு மறுபடி தொடங்குவதைப் பார்க்கும் குழந்தைக்குப் பிரிப்பது தோல்வியாகத் தெரிவதில்லை. கிழமையும் நேரமும் குறித்திருப்பதால் வேலை தள்ளிப்போவதும் இல்லை.

ஆனால் ஆசிரியர் ஒருவர், பிள்ளைகள் எத்தனை பேர் என்பதைக் கட்டணத்தைக் கேட்பதற்கு முன்பே கேளுங்கள். ஆறு பேருக்கு மேல் போனால் ஒருவருடைய பிழை அவர் கண்ணில் படுவதற்குள் அது நாலைந்து வரிசை வளர்ந்துவிடும். பெரியவர்களுக்கான வகுப்பில் ஓர் ஓரத்தில் குழந்தையையும் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னால் நான் அனுப்ப மாட்டேன். அங்கே பேச்சின் வேகமும் ஒன்றரை மணி நேர அமர்வும் குழந்தைக்கு உரியவை அல்ல. இடக்கைப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லித்தருவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "வலக்கையில் பழக்கிவிடுவோம்" என்று பதில் வந்தால், பிள்ளையை அங்கே விடாமல் திரும்பிவிடுங்கள்.

மறைந்த செலவுகள் போக்குவரத்தும் காத்திருப்பும் மட்டுமல்ல. வகுப்பு வாரத்தில் ஒரு நாள் என்றால் மீதி ஆறு நாட்களில் வீட்டில் பிழை வரும், அதைத் திருத்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அடுத்த வகுப்பில் பாதி நேரம் சென்ற வாரத்தின் சிக்கலைப் பிரிப்பதிலேயே போய்விடும். ஒரு வகுப்பில் ஒவ்வொரு நிலைக்கும் தனிப் பொருள்பையை அவர்களிடமே வாங்க வேண்டுமென்று வைத்திருந்தார்கள், பெற்றோர் முதல் மாதத்தில் எதிர்பார்த்ததைவிட இரு மடங்கு செலவழித்திருந்தார்கள். பொருள் கட்டணத்தில் சேருமா, வெளியில் வாங்கிய நூலைக் கொண்டுவரலாமா என்று தொடக்கத்திலேயே தெளிவாகக் கேட்டுவிடுவது நல்லது.

வீட்டில் பின்னத் தெரிந்தவர் யாரும் இல்லாதபோது, குழந்தை எட்டு வயதைத் தாண்டியிருக்கும்போது, வாரம் இரண்டு நாளாவது நடக்கும் சிறு வகுப்பு கிடைக்கும்போது இதுவே முதல் தேர்வு. தாயோ தந்தையோ முதல் இரண்டு வகுப்புகளில் கூடவே உட்கார்ந்து தாங்களும் சங்கிலி போடக் கற்றுக்கொண்டால், நான் சொன்ன ஆறு நாள் குறை பெருமளவு நீங்கிவிடும்.

## காணொளி பார்த்துக் கற்பது

பணச் செலவு ஏறக்குறைய இல்லை. ஒரே தையலை நூறு முறை போட்டுப் பார்க்கலாம், காணொளி சலித்துக்கொள்ளாது. வேகத்தைப் பாதியாகக் குறைத்துப் பார்க்கும் வசதி உள்ளது. தமிழிலேயே பொறுமையாகச் சொல்லித்தருபவர்களும் இருக்கிறார்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட, ஓரளவு பின்னத் தெரிந்த பிள்ளைக்கு இதைவிடப் பெரிய நூலகம் கிடைக்காது.

ஆனால் தொடக்கநிலைக் குழந்தைக்குக் காணொளி ஒரு பெரிய குறையோடு வருகிறது: காணொளியைக் குழந்தை பார்க்கும், குழந்தையைக் காணொளி பார்க்காது. முதல் அளவுகோலில் இது முழுவதுமாகத் தோற்கிறது. இரண்டு கையும் நூலில் சிக்கியிருக்கும்போது திரையை நிறுத்தவும் பின்னோக்கி ஓட்டவும் மூன்றாவது கை இல்லை. ஊசியைக் கீழே வைத்தால் கண்ணி நழுவிவிடும். அந்தக் கண்ணியில் ஒரு ஊக்கை மாட்டிவிட்டு ஊசியைக் கீழே வைக்கும் பழக்கத்தை முதலிலேயே கொடுத்துவிடுங்கள். கைப்பேசி குழந்தையின் கையில் இருந்தால் பின்னல் காணொளியிலிருந்து அடுத்த காணொளிக்குப் போக ஒரு நொடி போதும் என்பதையும் எல்லாப் பெற்றோரும் அறிவார்கள்.

பெயர்களின் குழப்பம் இங்கேதான் மிகுதி. ஆங்கிலப் பெயர்களில் அமெரிக்க வழக்கு ஒன்று, பிரிட்டிஷ் வழக்கு ஒன்று. அமெரிக்க வழக்கில் சிங்கிள் குரோஷே எனப்படும் குட்டைத் தையல் பிரிட்டிஷ் வழக்கில் டபுள் குரோஷே. அமெரிக்கர் டபுள் என்னும் நெட்டைத் தையல் பிரிட்டிஷாருக்கு டிரெபிள். நம் நாட்டில் பழைய தலைமுறை கற்றது பெரும்பாலும் பிரிட்டிஷ் வழக்கு. இன்றைய காணொளிகளில் பெரும்பாலும் அமெரிக்க வழக்கு. காணொளியில் "டபுள்" என்று கேட்ட குழந்தை பாட்டியிடம் போய் "டபுள் சொல்லிக்கொடு" என்றால் பாட்டி குட்டைத் தையலைச் சொல்லித்தருவார், துண்டு காணொளியில் உள்ளதில் பாதி உயரம்தான் வரும். இருவரும் சரியாகத்தான் செய்திருப்பார்கள், இருவருக்கும் தங்கள் மீதே சந்தேகம் வரும். இதற்கு ஒரு எளிய அடையாளம் உண்டு: ஒரு குறிப்பில் "சிங்கிள் குரோஷே" என்ற பெயர் எங்காவது வந்தால் அது அமெரிக்க வழக்கு, ஏனெனில் இன்றைய பிரிட்டிஷ் வழக்கில் அப்படியொரு பெயர் வழங்குவதில்லை. வீட்டுக்குள் குட்டைத் தையல், நெட்டைத் தையல் என்று பெயர் வைத்துக்கொண்டு ஆங்கிலப் பெயர்களைப் பிறகு கற்பிப்பதே குழந்தைக்கு எளிது என்று நினைக்கிறேன்.

இடக்கைக் குழந்தைக்குக் காணொளி ஒரு விதத்தில் நல்ல துணை. இடக்கைக்காரர்களே செய்து காட்டும் காணொளிகள் கிடைக்கின்றன. கிடைக்காதபோது வலக்கைக் காணொளியை இடவலமாகத் திருப்பியும் பார்க்கலாம். என் அக்கா மகள் இடக்கைக்காரி. வலக்கைக்காரர்களே நிறைந்த குடும்பத்தில் அவளுக்கு நெடுநாள் வராத திரும்பு வரிசை (வரிசை முடிவில் துண்டைத் திருப்பிப் பின்னும் அடுத்த வரிசை), திருப்பிய காணொளி ஒன்றில் ஒரே மாலையில் வந்துவிட்டது.

என் பரிந்துரை இதுதான்: காணொளியைப் பெரியவர் பார்க்கட்டும், குழந்தை பெரியவரைப் பார்க்கட்டும். ஒரு வாரம் முன்பாகத் தொடங்கி, குழந்தை தூங்கிய பிறகு இருபது நிமிடம் பயிற்சி செய்தாலே, ஒரு குழந்தைக்குச் சொல்லித்தர வேண்டிய சங்கிலியும் குட்டைத் தையலும் திரும்பு வரிசையும் உங்களுக்குக் கைவந்துவிடும். கற்றுத்தருபவர் வல்லுநராக இருக்க வேண்டியதில்லை, குழந்தையைவிட இரண்டு வரிசை முன்னால் இருந்தால் போதும். இதன் மறைந்த செலவு உங்கள் தூக்கத்திலிருந்து எடுக்கும் அந்த ஒரு வாரம்.

## பொம்மைப் பெட்டி வாங்கித் தருவது

அமிகுருமி என்ற ஜப்பானியப் பெயரில் வழங்கும் உருண்டைப் பொம்மைகள் குழந்தைகளின் கண்ணை முதலில் ஈர்ப்பவை. பெட்டியைத் திறந்தால் ஊசி, நூல், பஞ்சு, பொம்மைக் கண்கள், குறிப்பு எல்லாம் இருக்கும், கடை கடையாக அலைய வேண்டாம். பரிசாகக் கொடுக்க அழகானது.

தொடக்கத்துக்கு இது பொருந்தாது என்று உறுதியாகச் சொல்வேன். உருண்டைப் பொம்மை தொடங்கும் இடமே இறுக்கக்கூடிய ஒரு வளையம். பெரியவர்களே பலமுறை முயன்று பிடிக்கும் உத்தி அது. பஞ்சு வெளியே தெரியாமலிருக்க நூலுக்கு உரியதைவிடச் சிறிய ஊசியால் இறுக்கமாகப் பின்ன வேண்டும், ஆனால் புதிய கைக்கு வேண்டியதோ தளர்வு. ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு, இருபத்துநான்கு என்று சுற்றுதோறும் கண்ணி கூடும், எங்கே சுற்று முடிகிறது என்பதை ஊக்குப் போட்டு எண்ண வேண்டும். பல பெட்டிகளில் நூல் ஒரு பொம்மைக்கு மட்டுமே அளந்து வைத்திருக்கும். மூன்று முறை பிரித்தால் இழை பிரிந்து பஞ்சாகிவிடும், மாற்று நூல் அதே நிறத்தில் வெளியே கிடைக்காது. வீட்டில் மூன்று வயதுக்குட்பட்ட தம்பி தங்கை இருந்தால் பொத்தான் போன்ற அந்தக் கண்களைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்புறப்படுத்திவிடுங்கள், அவை தொண்டையில் சிக்கக்கூடியவை. கண்ணை நூலால் தைத்துவிடலாம்.

தட்டையான துண்டு இரண்டு மூன்று பின்னி முடித்த பத்து வயதுப் பிள்ளைக்கு அடுத்த படியாக இந்தப் பெட்டி மிக நல்லது. பிறந்தநாளுக்கு ஏற்கெனவே யாராவது வாங்கித் தந்துவிட்டார்களென்றால் ஓரிரு மாதம் மேலே எடுத்து வையுங்கள்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | வீட்டுப் பெரியவர் | வகுப்பு | காணொளி | பொம்மைப் பெட்டி |
|---|---|---|---|---|
| பிழை கண்ணில் படுவது | அந்தக் கண்ணியிலேயே | சில வரிசைகளுக்குள், பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து | பெரியவர் கூட இல்லையென்றால் படாது | பெரியவர் கூட இல்லையென்றால் படாது |
| கை தெரியும் கோணம் | விரும்பியபடி மாற்றலாம் | ஆசிரியரின் கவனத்தைப் பொறுத்தது | திருப்பிப் பார்க்கலாம் | படங்கள் மட்டும் |
| முதல் பொருள் | சில நாட்களில் | இரண்டு மூன்று வாரங்களில் | சொல்ல இயலாது | தொடக்கநிலையில் பெரும்பாலும் முடிவதில்லை |
| பெயர்க் குழப்பம் | பழைய வழக்கு | ஒரே வழக்கு | மிகுதி | பெரும்பாலும் அமெரிக்க வழக்கு |
| மறைந்த செலவு | பொருந்தாத பழைய ஊசி, பெரியவரின் அவசரம் | போக்குவரத்து, பொருள்பை, இடைப்பட்ட நாட்கள் | திரை நேரம், பெரியவரின் முன்பயிற்சி | கூடுதல் நூல் இல்லாமை |
| பொருந்தும் வயது | ஆறு முதல் | எட்டு முதல் | பத்து முதல், தனியாக என்றால் | பத்து முதல், முன்பயிற்சியோடு |

## எந்த வழியானாலும் ஊசியும் நூலும்

வழியைத் தேர்வதில் செலவிடும் யோசனையில் பாதியை இதற்குக் கொடுங்கள். தவறான நூலைக் கொடுத்தால் நல்ல ஆசிரியரும் தோற்றுப்போவார்.

ஊசி 5 அல்லது 6 மில்லிமீட்டர் இருக்கட்டும். கைப்பிடி ரப்பரானாலும் வெறும் அலுமினியமானாலும் குழந்தைக்கு எது பிடிக்கிறதோ அது. பென்சிலைப் பிடிப்பதுபோலப் பிடித்தாலும் கத்தியைப் பிடிப்பதுபோலப் பிடித்தாலும் இரண்டும் சரியே, திருத்த வேண்டாம். கவனிக்க வேண்டியது வேறொன்று: பிள்ளைகள் கண்ணியைக் கொக்கிக்குக் கீழே உள்ள ஒடுங்கிய கழுத்திலேயே வைத்து இறுக்கிவிடுவார்கள், அடுத்த வரிசையில் ஊசி நுழையாது. கண்ணி ஊசியின் தடித்த தண்டுப் பகுதிக்கு ஏறிய பிறகே அடுத்ததைத் தொடங்க வேண்டுமென்று பழக்கினால் இறுக்கம் தானே போய்விடும்.

நூலில் போட்டி உல்லனுக்கும் பருத்திக்கும். ஃபேன்சி ஸ்டோரில் உல்லன் என்று கேட்டால் தருவது பெரும்பாலும் அக்ரிலிக். விலை குறைவு, சற்றே நீளும் தன்மை உள்ளதால் புதிய கையின் சீரற்ற இழுவையை மறைக்கும், எல்லா நிறத்திலும் கிடைக்கும். மலிவான வகைகளில் இழை பிரிந்து ஊசி நூலுக்கு நடுவே நுழைந்துவிடும், அதனால் முறுக்கு அழுத்தமாக உள்ளதைப் பார்த்து எடுக்க வேண்டும். பருத்த பருத்தி நூலில் கண்ணிகள் துல்லியமாகத் தெரியும், நம் ஊர் வெயிலில் கை வியர்த்தாலும் ஒட்டாது. ஆனால் நீளாது என்பதால் இறுக்கிப் பின்னும் குழந்தைக்குக் கை வலிக்கும். இறுக்கமான கைக்கு அக்ரிலிக்கும், தளர்ந்த கைக்குப் பருத்தியும் என்று நான் பிரித்துக் கொடுக்கிறேன். நிறம் வெளிர் மஞ்சள், வானநீலம் போல இருக்கட்டும். கறுப்பும் கருநீலமும் கண்ணியை மறைத்துவிடும். மெத்தென்று வெல்வெட் போலிருக்கும் நூலைக் குழந்தை ஆசைப்பட்டுக் கேட்கும், அதில் கண்ணியே தெரியாது.

முதல் பொருளாகச் சங்கிலியை மட்டும் கொண்டு சடைக்குக் கட்டும் கயிறு, பிறகு குட்டைத் தையலில் டம்ளர் வைக்கும் சதுரம், பிறகு அதைப் போன்ற இரண்டு சதுரங்களை இணைத்து வாயில் சங்கிலிக் கயிற்றைக் கோத்து ஒரு சுருக்குப் பை என்று நான் கொண்டுபோகிறேன். கொலுவுக்கு முன்பு தொடங்கும் பிள்ளைகள் அந்தச் சதுரத்தைப் பொம்மைக்கு விரிப்பாக வைப்பார்கள். சிறிய சதுரம் சிறுபிள்ளை வேலை என்று எண்ணும் பெற்றோருக்கு ஒரு செய்தி: மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் என்ற குழுவினர் 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் விரித்துக் காட்டி உலக சாதனையாகப் பதிவான 11,148.5 சதுர மீட்டர் குரோஷா விரிப்பும் பலர் தனித்தனியாகப் பின்னிய துண்டுகளை இணைத்து உருவானதுதான்.

## ஒரு வழியிலிருந்து இன்னொரு வழிக்கு

இந்த நான்கும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல. வீட்டில் தொடங்கி, ஆர்வம் நிலைத்தால் வகுப்புக்கோ காணொளிக்கோ போய், கைத்தெளிவு வந்தபின் பெட்டிக்குப் போவது நான் கண்டவற்றுள் நன்றாக நடந்த வரிசை. வீட்டில் எவருக்கும் தெரியாதென்றால் நீங்கள் ஒரு வாரம் முன்பாகக் காணொளியில் கற்றுக்கொண்டு தொடங்குவது, நெரிசலான வகுப்பில் சேர்ப்பதைவிட மேலானது. அந்த ஒரு வாரத்துக்கும் இடமில்லாத வேலைச் சுமை உள்ள வீடுகள் உண்டு; அவர்கள் ஆறு பேருக்கு மிகாத வகுப்பைத் தேடுவதே சரி, கிடைக்கும்வரை குழந்தையை விரலால் சங்கிலி போட்டுக்கொண்டிருக்கச் சொல்லலாம்.

தனியாகக் காணொளி பார்க்க அனுமதிக்கலாமா என்பதை வயதைக் கொண்டு முடிவு செய்யாமல் ஒரு சிறு சோதனையால் முடிவு செய்கிறேன். பன்னிரண்டு கண்ணிகள் உள்ள ஒரு துண்டை நான் பின்னி, நடு வரிசை ஒன்றில் வேண்டுமென்றே ஒரு கண்ணியை விட்டுவிட்டு, மேலும் இரண்டு வரிசை போட்டுக் குழந்தையின் கையில் கொடுப்பேன். எதுவும் சொல்ல மாட்டேன். துண்டைப் புரட்டிப் பார்த்து, ஓரத்தில் விரல் வைத்து எண்ணி, "இங்கே ஒன்று குறைகிறது" என்று சொல்லும் பிள்ளைக்கு அன்றே கைப்பேசியைக் கொடுக்கலாம். சொல்லாத பிள்ளையின் பக்கத்தில் இன்னும் சில வாரங்கள் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.